பானைக் கணக்கு

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில், திருச்சிற்றம்பலம் கூட்டுரோட்டில் இறங்கி உள்ளே போனால் இரும்பை. ஞானசம்பந்தர் வந்து பாடிவிட்டுப் போன மாகாளேசுவரர் கோயில் அங்கேதான் இருக்கிறது. லிங்கத்துக்குச் செப்புப் பட்டை போட்டிருப்பார்கள். ஏன் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் கடுவெளிச் சித்தர் கதையை முழுதாகக் கேட்காமல் ஊரைவிட்டுக் கிளம்ப முடியாது.

கதை இதுதான். சித்தர் அரசமரத்தடியில் தவத்தில் உட்கார்ந்தார். ஊரில் மழை பொய்த்தது. தவத்தின் சூடுதான் காரணம் என்று ராஜாவுக்குக் கணித்துக் கொடுத்தார்கள் அவருடைய ஆட்கள். ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மாதிரி ஒரே ஒரு சித்தர். தவத்தைக் கலைக்க வள்ளி என்ற ஆடல் மகளை அனுப்பினார்கள். உதிர்ந்த இலைக்காகச் சித்தர் நீட்டிய கையில் அவள் அப்பளத்தை வைத்தாள். நாக்கு விழித்தது, தவம் கலைந்தது. அப்புறம் ஒரு திருவிழாவில் வள்ளி ஆடும்போது சிலம்பு கழன்று விழ, சித்தர் எடுத்து அவள் காலில் மாட்டிவிட, கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. சித்தருக்குக் கோபம் வந்து ஒரு பாட்டுப் பாடினார். லிங்கம் மூன்றாக வெடித்தது. ராஜா காலில் விழுந்தார். சித்தர் இன்னொரு பாட்டுப் பாடி ஒட்டவைத்தார். ஆனால் சாபம் சாபம்தான்: இந்த நிலம் கருகிக் கிடக்கும், எங்கிருந்தோ வரும் அந்நியர்கள்தான் இதைப் பச்சையாக்குவார்கள்.

1968 பிப்ரவரி 28 அன்று பக்கத்திலேயே ஆரோவில் தொடங்கியது. 124 நாடுகளின் மண்ணைக் கொண்டுவந்து ஒரே தாழியில் கொட்டினார்கள். மழையில் அரித்து ஓடையாகிக் கிடந்த செம்மண் காட்டில் வெள்ளைக்காரர்கள் மரம் நட்டார்கள். சித்தர் சொன்னது பலித்தது. கதையின் கடைசிப் பகுதி 1968க்குப் பிறகு ஒட்டப்பட்டதோ என்று உங்களுக்குச் சந்தேகம் வந்தால் அது நியாயமான சந்தேகம். தேர்தல் முடிவு வந்த மறுநாள் "நான் அப்பவே சொன்னேன்" என்று டிவியில் உட்கார்ந்திருப்பவர்களை நாம் பார்க்காததா? எப்படியானாலும் இந்த வட்டாரத்தில் முன்கூட்டிச் சொன்னது பலித்த ஆள் என்று பேர் வாங்கியவர் அவர் ஒருவர்தான். அவருக்குப் பின்னால் டேப்லெட்டும் அடையாள அட்டையுமாக வந்த கருத்துக்கணிப்பாளர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

சித்தர் சொன்ன அந்நியர்களில் அமெரிக்கர்களும் உண்டு. அவர்கள் இங்கிருந்தே அமெரிக்க அதிபர் தேர்தலில் ஓட்டுப் போடலாம். நாட்டைவிட்டுக் கிளம்புமுன் கடைசியாக எந்த மாநிலத்தில் குடியிருந்தார்களோ, அந்த மாநிலக் கணக்கில் அந்த ஓட்டு சேரும். இங்கேதான் வேடிக்கை ஆரம்பம். இரும்பைப் பக்கம் ஒரே டீக்கடையில் இரண்டு அமெரிக்கர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பென்சில்வேனியாக்காரர், இன்னொருவர் கலிபோர்னியாக்காரர். பென்சில்வேனியாக்காரரின் ஓட்டுக்காக இரண்டு கட்சிகளும் கோடிகோடியாகக் கொட்டும். கலிபோர்னியாக்காரர் ஓட்டுப் போட்டாலும் ஒன்றுதான், அந்த நேரத்தில் இன்னொரு டீ சொன்னாலும் ஒன்றுதான்.

காரணம், அமெரிக்காவில் எல்லா ஓட்டையும் ஒரே தாழியில் கொட்டி எண்ணுவதில்லை. 50 மாநிலங்கள், கூடவே தலைநகர் வாஷிங்டன், ஆக 51 பானைகள். ஒவ்வொரு பானைக்கும் ஒரு விலை. கலிபோர்னியாவுக்கு 54, டெக்சாசுக்கு 40, வயோமிங்குக்கு 3. இந்த விலைக்கு ஈடாக, அதிபருக்கு ஓட்டுப் போடும் தேர்வாளர்கள் அத்தனை பேர். மொத்தம் 538 பேர், பாதிக்கு மேல் 270. மெய்ன், நெப்ராஸ்கா என்று இரண்டு மாநிலங்கள் மட்டும் பானையைப் பங்குபோட்டுக் கொடுக்கும். மற்ற இடங்களில் ஒரு ஓட்டு முந்தினாலும் பானை மொத்தமும் அவருக்கே. தோற்றவர் பானையில் போட்டதெல்லாம் போட்டதுதான்.

இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் 1787ல் பிலடெல்பியாவில் கூடியவர்கள். பேச்சு வெளியே கசியக் கூடாது என்று கோடைகாலத்தில் ஜன்னலை எல்லாம் சாத்திக்கொண்டு நான்கு மாதம் வெந்தார்கள். அதிபரை யார் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி வந்ததும் ஆளுக்கொரு யோசனை. மக்களிடம் விடுவது, பார்வையற்றவரிடம் வண்ணம் தேர்ந்தெடுக்கச் சொல்கிற மாதிரி என்றார் ஜார்ஜ் மேசன். மக்களே தேர்ந்தெடுப்பதுதான் நல்லது, ஆனால் தெற்கத்தி மாநிலங்களுக்கு அது கட்டுப்படியாகாது என்றார் மேடிசன். தெற்கின் ஆள்தொகையில் கணிசமான பங்கு அடிமைகள், அடிமைக்கு ஓட்டுக் கிடையாது. அதனால் ஒரு கணக்குப் பண்ணினார்கள். அடிமையை ஐந்தில் மூன்று பங்கு மனிதனாக எண்ணி மாநிலத்தின் பலத்தைக் கூட்டிக்கொள்வது, ஓட்டு மட்டும் எசமான் போடுவது. நிலத்தையும் ஆளையும் சேர்த்தே பட்டா எழுதிக்கொண்டவர்களுக்கு இது ரொம்ப நியாயமாகத்தான் பட்டது. கடைசியில், எல்லாரும் ஊருக்குப் போகும் அவசரத்தில் இருந்த செப்டம்பர் மாதத்தில், ஒரு குழு உட்கார்ந்து "தேர்வாளர்கள்" என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்து வைத்தது. உலகத்தின் பெரிய பதவிக்கான தேர்தல் முறை, பந்தி முடியும் நேரத்தில் பரிமாறியது.

நம்மவர்கள் இதற்கு ஏறக்குறைய 870 ஆண்டுகளுக்கு முன்பே உத்திரமேரூரில் குடவோலை வைத்துவிட்டார்கள். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகள். 30 குடும்புகள் (வார்டுகள்), வயது 35க்கு மேல், 70க்குக் கீழ், கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதம் தெரிந்திருக்க வேண்டும், கணக்குக் காட்டாமல் ஏப்பம் விட்டவனும் அவன் உறவுக்காரனும் கிட்டேயே வரக் கூடாது. தகுதியானவர் பெயரை எல்லாம் ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். பெருமைப்படுகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். இது பிராமணச் சதுர்வேதிமங்கலத்துக்கான ஏற்பாடு. வேலி ஓரத்தில் நின்றவனுக்குக் குடத்தைப் பார்க்கக்கூடக் கொடுத்துவைக்கவில்லை. பிலடெல்பியாவிலும் ஆண், வெள்ளை, சொத்து என்று ஏறக்குறைய இதே சல்லடைதான். ஆனால் குடவோலைக்கு ஒரு பெருமை உண்டு: கருத்துக்கணிப்பு நடத்த வழியே இல்லாத ஒரே தேர்தல் அது. சிறுவன் கை எந்த ஓலையில் படும் என்று எந்த நிறுவனம் சொல்லும்?

ஓட்டுப் போடும் நாளை நவம்பரின் முதல் திங்களுக்கு அடுத்த செவ்வாய் என்று 1845ல் சட்டம் போட்டார்கள். ஞாயிறு கோயில், புதன் சந்தை, நடுவில் குதிரை வண்டியில் வந்துசேர ஒரு நாள் வேண்டும். செவ்வாய்க்கிழமை நல்ல காரியம் தொடங்காதே என்று சொல்ல அங்கே ஓர் ஆயா இல்லாமல் போனார்.

ஆரம்பத்திலேயே பானைகள் உடைய ஆரம்பித்தன. 1800ல் ஜெபர்சனுக்கும் அவருக்குத் துணையாக நின்ற ஆரோன் பர்ருக்கும் ஆளுக்கு 73 என்று சமமாக வந்துவிட்டது. துணை மாப்பிள்ளை மணவறையைவிட்டு எழுந்திருக்க மாட்டேன் என்றுவிட்டார். நாடாளுமன்றக் கீழவை 36 தடவை ஓட்டெடுத்துத்தான் ஜெபர்சனை உட்காரவைத்தது. இந்தப் பர்தான் பிறகு துணை அதிபராக இருந்துகொண்டே தன் அரசியல் எதிரி ஹாமில்டனைத் துப்பாக்கிச் சண்டையில் சுட்டுக் கொன்றவர். அதனோடு ஒப்பிட்டால் நம் சட்டசபை மைக் பிடுங்கல் எல்லாம் குழந்தை விளையாட்டு.

எனக்குப் பிடித்தது 1824. ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு மக்கள் ஓட்டும் அதிகம், தேர்வாளர் ஓட்டும் அதிகம்: 99. ஜான் குவின்சி ஆடம்ஸுக்கு 84, கிராபோர்டுக்கு 41, ஹென்றி கிளேவுக்கு 37. பாதியைத் தாண்ட 131 வேண்டும், யாருக்கும் இல்லை. முதல் மூவரை வைத்துக் கீழவை முடிவு செய்யும் என்பது விதி. நான்காவதாக வந்து வெளியேறிய கிளே யார் தெரியுமா? அந்தக் கீழவையின் சபாநாயகர்! 1825 பிப்ரவரியில் ஆடம்ஸ் அதிபரானார். கொஞ்ச நாளில் கிளே வெளியுறவு அமைச்சரானார். ஜாக்சன் நான்கு வருஷம் புலம்பியே 1828ல் ஜெயித்தார்.

இதைப் படித்துவிட்டு அமெரிக்காவே இப்படித்தான் என்று யாராவது சொன்னால் அவர்களைத் தென்னார்க்காட்டுக்கு அழைத்துவாருங்கள். 1952. முதல் பொதுத்தேர்தல். அப்போது வேட்பாளருக்கு ஒரு பெட்டி. பெட்டியில் சின்னம் ஒட்டியிருக்கும். சீட்டில் எதுவும் குத்த வேண்டாம், பிடித்தவர் பெட்டியில் போட்டுவிட்டு வந்துவிடலாம். சுதந்திரம் வாங்கிக் கொடுத்த கட்சி, காந்தி பெயர், நேரு முகம். காங்கிரஸ் தோற்கும் என்று சொல்ல அன்று சித்தர்தான் வரவேண்டும். சென்னை மாகாணத்தில் மொத்தம் 375 இடங்கள். காங்கிரசுக்குக் கிடைத்தது 152. முதலமைச்சர் குமாரசாமி ராஜா தன் தொகுதியிலேயே தோற்றார். இந்தக் கூத்தில் நம் தென்னார்க்காட்டின் பங்கு பெரிது. கடலூர் எஸ்.எஸ். ராமசாமி படையாச்சியாரின் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி, தொடங்கிய சூட்டோடு 19 இடங்களை அள்ளியது. டெல்லிக்கும் நாலு பேரை அனுப்பியது. வட ஆர்க்காடு, செங்கல்பட்டுப் பக்கம் மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சிக்கு 6. இரண்டு கட்சியும் வன்னியர் பலத்தில் நின்றவை, இரண்டும் காங்கிரசை எதிர்த்துத்தான் ஓட்டு வாங்கின, இரண்டுக்கும் அன்று தேர்தலில் நிற்காத திமுகவின் ஆதரவும் இருந்தது.

பிறகு நடந்தது கிளே கதைதான். எதிர்க்கட்சிகள் பிரகாசத்தின் தலைமையில் சேர்ந்து நாங்கள்தான் அதிகம் என்று கணக்குக் கொடுத்தன. ஆளுநர் ஸ்ரீபிரகாசா வேறு வழி கண்டுபிடித்தார். தேர்தலிலேயே நிற்காத, 73 வயதில் ஓய்வில் இருந்த ராஜாஜியை மேலவைக்கு நியமனம் செய்து, அவரையே முதலமைச்சராகவும் ஆக்கினார். மக்களிடம் ஓட்டுக் கேட்கும் சிரமம் முதலமைச்சருக்கு மிச்சம். (இந்த விஷயத்தில் அமெரிக்கா நமக்கு 22 வருஷம் பின்தங்கிவிட்டது. அதிபருக்கோ துணை அதிபருக்கோ தேர்தலில் ஜெயிக்காமலே ஜெரால்டு போர்டு அதிபரானது 1974ல்தான்.) மாணிக்கவேலு நாயக்கர் ராஜாஜி அமைச்சரவையில் சேர்ந்தார். 1954ல் காமராஜர் வந்தபோது படையாச்சியாரும் அமைச்சரானார். காங்கிரசை விரட்டப் போட்ட ஓட்டு, காங்கிரஸ் மந்திரிசபைக்கே முட்டுக் கொடுத்தது. எந்தக் கணிப்பாளரும் இதைச் சொல்லியிருக்க முடியாது. ஓட்டுப் போட்டவனுக்கே தெரியாதே.

ஆனாலும் படையாச்சியாரின் 19, பானைக் கணக்கின் அரிச்சுவடி. ஓட்டு கொஞ்சம்தான், ஆனால் ஒரே வட்டாரத்தில் குவிந்து கிடந்தது. 1968ல் ஜார்ஜ் வாலஸ் அமெரிக்கா முழுக்க வாங்கியது 13.5 சதவீதம். தெற்கில் ஐந்து மாநிலங்களில் குவிந்ததால் 46 தேர்வாளர்கள் கிடைத்தார்கள். 1992ல் ராஸ் பெரோ வாங்கியது ஏறக்குறைய 19 சதவீதம், இரண்டு கோடிக்குக் கொஞ்சம் குறைவான ஓட்டுகள். நாடெங்கும் சீராகத் தூவியிருந்ததால் தேர்வாளர் கணக்கில் பூஜ்யம். (வாலஸ் நிறவெறிக்காரர். கணக்கை மட்டும்தான் ஒப்பிடுகிறேன், ஆட்களை அல்ல.)

வாலஸ் கணக்கில் 1952ல் ஜெயித்த அதே மண், 2016ல் பெரோ கணக்கில் தோற்றது. திண்டிவனம் பக்கம் தைலாபுரத்தில் தோட்டம் வைத்திருக்கும் டாக்டர் ராமதாஸின் பாமக, அந்தத் தடவை யாரோடும் சேராமல் தனியாக நின்றது. மகன் அன்புமணி முதலமைச்சர் வேட்பாளர். முகம், முழக்கம், மேடை எல்லாம் அமெரிக்க அதிபர் பிரச்சாரத்தின் தமிழ்ப் பதிப்பு. "மாற்றம், முன்னேற்றம், அன்புமணி" என்று சுவர்கூட இங்கிலீஷ் வாடையோடு பேசியது. ஓட்டு சுமார் 23 லட்சம் விழுந்தது, 5.3 சதவீதம். இடம்? பூஜ்யம். பென்னாகரத்தில் அன்புமணியும் தோற்றார். அமெரிக்கப் பிரச்சாரத்தை இறக்குமதி செய்தவர்கள் அமெரிக்கக் கணக்கும் கூடவே வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

மொத்த ஓட்டில் முந்தியும் தோற்பது அமெரிக்கர்களுக்கு மட்டும் வாய்த்த கொடுமை என்று நினைக்கிறவர்கள் 1967ஐப் பார்க்க வேண்டும். அந்த வருஷம் தமிழ்நாட்டில் காங்கிரஸ் வாங்கியது 41.10 சதவீதம். திமுக வாங்கியது 40.69. காங்கிரஸ்தான் அதிகம்! இடங்கள்? திமுக 137, காங்கிரஸ் 51. தனியாகத் தோற்றவன் ஏறக்குறைய எல்லாத் தொகுதியிலும் நின்றான், சேர்ந்து ஜெயித்தவர்கள் தொகுதியைப் பிரித்துக்கொண்டு நின்றார்கள். திமுக நின்றது 174 இடங்களில்தான். மற்றதை ராஜாஜியின் சுதந்திராக் கட்சியும் மார்க்சிஸ்டுகளும் முஸ்லிம் லீக்கும் பார்த்துக்கொண்டார்கள். காங்கிரஸ் எல்லாப் பானையையும் முக்கால் நிரப்பிவைத்திருந்தது. முக்கால் பானைக்குப் பொங்கல் கிடையாது.

படுத்துக்கொண்டே ஜெயிப்போம் என்று காமராஜர் சொன்னதாக இன்றும் சொல்வார்கள். ஒருவகையில் அது பலித்தது. ஜனவரி 12ஆம் தேதி எம்.ஆர். ராதாவின் குண்டு பட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்த எம்.ஜி.ஆர். பரங்கிமலையில் ஜெயித்தார். காமராஜர் விருதுநகரில் மாணவர் தலைவர் சீனிவாசனிடம் 1,285 ஓட்டில் தோற்றார்.

அமெரிக்காவில் இதே காட்சி 2016 நவம்பரில். ஹிலாரி கிளிண்டனுக்கு டிரம்பைவிட ஏறக்குறைய 29 லட்சம் ஓட்டு அதிகம். கலிபோர்னியாவில் மட்டும் 42 லட்சத்துக்கு மேல் முந்தியிருந்தார். அந்தப் பானை வழிந்து தெருவில் ஓடியது. வழிந்ததை எடுத்து விஸ்கான்சினில் ஊற்ற முடியாது. விஸ்கான்சின், மிச்சிகன், பென்சில்வேனியா மூன்றிலும் சேர்த்து 78,000 ஓட்டுதான் வித்தியாசம். அவ்வளவுதான் சங்கதி.

இப்போது கணிப்பாளர்களிடம் வருவோம். பாவம், அவர்களைத் திட்டுவதற்கு முன் அவர்களுடைய மூதாதையரைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1936ல் லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை ஒரு கோடிப் பேருக்குச் சீட்டு அனுப்பியது. 23 லட்சம் பேர் பதில் போட்டார்கள். அதிபர் தேர்தலில் ரூஸ்வெல்ட்டை எதிர்த்த லாண்டன் ஜெயிப்பார் என்று அடித்துச் சொன்னது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ எடுத்துக்கொண்டு போனார். லாண்டனுக்கு மெய்ன், வெர்மான்ட் என்று இரண்டு மிஞ்சியது. சீட்டுப் போனதெல்லாம் டெலிபோன் புத்தகத்திலும் கார் பதிவேட்டிலும் பெயர் இருந்தவர்களுக்கு. ஊரே பஞ்சத்தில் கிடந்த காலத்தில் கார் வைத்திருந்தவரிடம் போய் யாருக்கு ஓட்டு என்று கேட்டால் வேறு என்ன வரும்? பத்திரிகை இரண்டே வருஷத்தில் படுத்துவிட்டது. ஐம்பதாயிரம் பேரை ஒழுங்காகத் தேர்ந்தெடுத்துக் கேட்ட கணிப்பாளர் காலப் சரியாகச் சொல்லிப் பெரிய ஆளானார். அந்த காலப்பும் 1948ல் அக்டோபர் பாதியோடு கேட்பதை நிறுத்திவிட்டு டூயி ஜெயிப்பார் என்றார். ஜெயித்தது ட்ரூமன். "டூயி ட்ரூமனைத் தோற்கடித்தார்" என்று தலைப்புப் போட்ட சிகாகோ பத்திரிகையை ட்ரூமனே தூக்கிக் காட்டிச் சிரித்த படம் இன்றும் சுற்றுகிறது.

லிட்டரரி டைஜஸ்டைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் துளசேந்திரபுரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். திருவாரூர் மாவட்டத்தில் கமலா ஹாரிஸின் தாத்தா பி.வி. கோபாலனின் ஊர். 2024 நவம்பரில் ஊர்க்கோயிலில் சிறப்புப் பூஜை, ஊரெங்கும் பேனர். அன்று அங்கே சர்வே எடுத்திருந்தால் கமலாவுக்கு நூற்றுக்கு நூறு. எடுத்த நிறுவனம் பிழை விகிதம் பூஜ்யம் என்றும் போட்டிருக்கும். முடிவு: டிரம்ப் 312, கமலா 226. அந்தத் தடவை மொத்த ஓட்டிலும் டிரம்ப்தான் முன்னால்.

2018ல் அமெரிக்காவில் கணிப்பாளர் நூறு பேருக்கு போன் போட்டால் ஆறு பேர்தான் பேசினார்கள் என்று பியூ ஆய்வு நிறுவனமே சொல்லிவிட்டது. அந்த ஆறு பேர் யார்? முன்பின் தெரியாதவனிடம் இருபது நிமிஷம் அரசியல் பேசப் பொறுமை உள்ளவர்கள். படித்தவர்கள் அதில் அதிகம். 2016ல் பல மாநிலக் கணிப்புகள் படிப்பு வாரியாகச் சரிக்கட்டாமல் விட்டன. படிக்காத வெள்ளைத் தொழிலாளி போனை வைத்துவிட்டு நேரே போய் டிரம்புக்குக் குத்தினார். இன்னொன்று: பக்கத்துப் பக்கத்துப் பானைகள் ஒரே அடுப்பில் இருக்கின்றன என்பதைச் சிலர் மறந்தார்கள். ஒரு மாநிலத்தில் தவறினால் மற்றதிலும் தவறும். ஒவ்வொன்றும் தனித்தனி என்று பெருக்கிப் பார்த்துத்தான் கிளிண்டனுக்கு 99 சதவீதம் என்றார்கள். டிரம்ப் 240ஐத் தாண்டினால் பூச்சி தின்கிறேன் என்று சவால் விட்ட பிரின்ஸ்டன் பேராசிரியர் சாம் வாங், சொன்ன சொல் தவறாமல் டிவியில் உட்கார்ந்து வெட்டுக்கிளி வகைப் பூச்சி ஒன்றைத் தின்றார். டிரம்புக்கு 29 சதவீதம் வாய்ப்பு என்று சொன்ன கணிப்புத் தளமும் ஒன்று இருந்தது. அதைப் படித்தவர்கள் 29 என்றால் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டால் அதற்குத் தளம் என்ன செய்யும்?

அதே 2016, மே மாதம், தமிழ்நாடு. திமுகவுக்கு 124 முதல் 140 வரை என்றது ஒரு பெரிய கணிப்பு. தேர்தல் நடந்த 232 இடங்களில் அதிமுக 134 எடுத்தது. இரண்டு அணிகளுக்கும் மொத்த ஓட்டில் வித்தியாசம் ஏறக்குறைய ஒரு சதவீதம். எட்டு வருஷம் கழித்து 2024 நாடாளுமன்றத் தேர்தலில் பாஜக அணிக்கு 350, 400 என்று எல்லாரும் ஏலம் விட்டார்கள். தமிழ்நாட்டிலும் இரண்டு மூன்று கிடைக்கும் என்றார்கள். பாஜகவுக்கு நாடு முழுக்க 240, தமிழ்நாட்டில் 39ம் திமுக அணிக்கு. ஒரு கணிப்பாளர் நேரலையில் அழுதே விட்டார். பூச்சி தின்பதைவிட இது எவ்வளவோ கௌரவம்.

நம்மூரில் கணிப்பாளனுக்குப் பதில் சொல்லாமல் போனை வைக்கும் மரியாதைக்குறைவு இல்லை. எல்லாரும் பேசுவார்கள். அதுதான் ஆபத்து. விழுப்புரம் மாவட்டத்துக் கிராமத்தில் மல்லாட்டை உரித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஓர் ஆயாவிடம் டேப்லெட்டோடு ஒரு பையன் வந்து நின்றால் பேச்சு இப்படித்தான் போகும்.

"ஆயா, இந்த வாட்டி யாருக்கு ஓட்டு?"

"நீ எந்தக் கட்சிப்பா?"

"நான் கட்சி இல்ல ஆயா. சும்மா கேக்குறோம்."

"சும்மா கேக்க மெட்ராசுலேர்ந்து வருவாங்களா? உனுக்குத்தான் ராசா. உனுக்கே போட்டுடறேன். வெயில்ல நிக்காத, மோர் சாப்புடு."

ஆயா பொய் சொல்லவில்லை. வந்தவன் மனம் நோகக் கூடாது என்பது அவருடைய தர்மம். முந்தின நாள் வந்த வேட்பாளருக்கும் அதே சொல், அதே மோர். பக்கத்து வீட்டுக்காரன் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறான் என்பதும் அவருக்குத் தெரியும். பையன் டேப்லெட்டில் எதைத் தொட்டிருப்பான் என்பதை நினைத்தால்தான் எனக்குச் சிரிப்பு.

போட்டி நெருங்கிவிட்டால் ஆயா உண்மையே சொன்னாலும் பயனில்லை. 2016ல் திண்டிவனம் சட்டமன்றத் தொகுதியில் திமுக ஜெயித்தது 101 ஓட்டில். ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் உட்காருகிற கூட்டம். அதே தேர்தலில் திருநெல்வேலி மாவட்டம் ராதாபுரத்தில் அதிமுகவின் இன்பதுரை, திமுகவின் அப்பாவுவை 49 ஓட்டில் வென்றார். தலைமை ஆசிரியர் கையெழுத்துப் போட்டுச் சான்றளித்த தபால் ஓட்டு செல்லுமா, செல்லாதா என்று வழக்கு. உயர்நீதிமன்றம் மறுபடி எண்ணச் சொன்னது. 2019 அக்டோபரில் உயர்நீதிமன்ற வளாகத்திலேயே எண்ணவும் எண்ணினார்கள். முடிவை வெளியிடக் கூடாது என்று உச்சநீதிமன்றம் தடை போட்டது. எண்ணியாகிவிட்டது, சொல்லக் கூடாது! 2000ல் புளோரிடாவில் 537 ஓட்டு வித்தியாசம்; துளை போட்ட சீட்டில் காகிதத் துணுக்கு முழுசாக விழுந்ததா, தொங்குகிறதா என்று அதிகாரிகள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். எண்ணுவதையே நிறுத்து என்று அவர்கள் உச்சநீதிமன்றம் 5க்கு 4 என்று சொன்னது. ஐந்து லட்சம் ஓட்டு அதிகம் வாங்கிய அல் கோர் வீட்டுக்குப் போனார், புஷ் அதிபரானார்.

அமெரிக்கத் தேர்தலில் மக்கள் தேர்ந்தெடுப்பது அதிபரை அல்ல, தேர்வாளர்களை. அவர்கள் டிசம்பரில் கூடி ஓட்டுப் போடுவார்கள். 2016 டிசம்பரில் ஏழு பேர் சொன்னபடி போடவில்லை. கடைசிக் கணக்கு 304க்கு 227 என்று ஆனது. அந்த 1787 ஆட்கள் ஒரு விஷயத்தில் கெட்டிக்காரர்கள்: தேர்வாளர்கள் ஒரே இடத்தில் கூடக் கூடாது, அவரவர் மாநிலத்தில் தனித்தனியாகக் கூட வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். ஒன்றாகக் கூடினால் சூழ்ச்சி நடக்கும், விலை பேசுவார்கள் என்று பயம்.

நமக்கும் முதலமைச்சரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. 1947ல் திண்டிவனம் பக்கத்து ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரைச் சென்னை மாகாணப் பிரதமராக்கியதும் (அன்று முதலமைச்சருக்கு அந்தப் பெயர்) கட்சியின் சட்டமன்ற உறுப்பினர்கள்தான். ஆனால் அமெரிக்கப் பயம் நமக்கு இல்லை. அந்த டிசம்பர் கழிந்து இரண்டே மாதத்தில், 2017 பிப்ரவரியில், நம் தேர்வாளர்களை, அதாவது அதிமுக எம்.எல்.ஏ.க்களை, பஸ்ஸில் ஏற்றிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கூவத்தூர் ரிசார்ட்டில் ஒன்றாகவே வைத்தோம். கடற்காற்று, சாப்பாடு, வாசலில் காவல். ஓர் எம்.எல்.ஏ. மாறுவேடத்தில் தப்பி வந்ததாகச் சொன்னார். சசிகலாவை முதலமைச்சராக்கக் கூடிய கூட்டம். 14ஆம் தேதி உச்சநீதிமன்றத் தீர்ப்பு வந்து அவர் சிறைக்குப் போக, அங்கேயே எடப்பாடி பழனிசாமியைத் தேர்ந்தெடுத்தார்கள். 18ஆம் தேதி சட்டசபையில் 122க்கு 11. 2016 மே மாதம் ஓட்டுப் போட்டுவிட்டு வந்த எவரிடமாவது எடப்பாடியார் முதலமைச்சராவாரா என்று கணிப்பாளர் கேட்டிருந்தால், அவருக்கு மோர்கூடக் கிடைத்திருக்காது.

ஆகவே அடுத்த தடவை டேப்லெட்டோடு பையன் வந்தால் மோர் கொடுங்கள், பாவம் வெயில். ஆனால் யார் ஜெயிப்பார் என்று அலசுவதற்கு முன், பானைகளை யார் எடுத்து வைக்கிறார்கள், எங்கே வைக்கிறார்கள் என்று ஒரு கண் வைத்திருங்கள். 1952 முதல் இருந்த திண்டிவனம் நாடாளுமன்றத் தொகுதி 2008 மறுசீரமைப்பில் காணாமல் போனது. இரும்பை இருக்கும் வானூரும் திண்டிவனமும் இப்போது விழுப்புரம் தனித் தொகுதியில். 1962ல் தமிழ்நாட்டுக்கு 41 எம்.பி.க்கள் இருந்தார்கள், 1967ல் 39. மாநிலங்களுக்கான எண்ணிக்கையை 1976ல் உறையவைத்தார்கள். 2026க்குப் பிந்தைய முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரை அது அப்படியே இருக்கட்டும் என்று 2001ல் இன்னொரு திருத்தம் போட்டார்கள். அமெரிக்காவில் பத்து வருஷத்துக்கு ஒருமுறை மறுபடி எண்ணிப் பிரிப்பார்கள். 2020 கணக்கெடுப்பில் கலிபோர்னியாவுக்கே வரலாற்றில் முதல் தடவையாக ஓர் இடம் குறைந்தது.